முதல் ‘வேண்டாம்’

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் கத்திவிட்டு வந்தேன். கத்தியது என் மனைவியின் அக்கா மகள் நிவேதாவிடம். அவள் செய்த குற்றம் என்னவென்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ‘வேண்டாம்’ என்பதை இந்தோனேசிய மொழியில் சொல்லிக் காட்டினாள். அவ்வளவுதான்.

நிவேதாவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. புருஷனோடு பாலித் தீவுக்குப் போகிறாள். அம்மாமண்டபம் ரோட்டில் அவர்கள் ஃபிளாட்டில் ஒரு பக்கம் பெட்டி வாயைப் பிளந்து கிடக்க, இன்னொரு பக்கம் அவள் சோபாவில் சாய்ந்துகொண்டு செல்போனில் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொல்கிறது, இவள் திருப்பிச் சொல்கிறாள். செலாமட் பாகி, காலை வணக்கம். தெரிமா காசி, நன்றி. சரியாகச் சொல்லிவிட்டால் டிங் என்று ஒரு மணிச் சத்தம். தப்பாகச் சொன்னால் ஒரு பொம்மை அழுகிறது.

“சித்தப்பா, நீங்கதான் அந்த ஊர்ல வேலை பாத்தவங்களாச்சே, இதைக் கேளுங்க. திடாக் ஊசா. வேண்டாம்னு அர்த்தமாம். பீச்சுல விக்கறவங்க தொல்லை பண்ணுனா இதைச் சொன்னா போதுமாம், விட்டுட்டுப் போயிடுவாங்களாம்.”

“அதை மட்டும் கத்துக்காதே!”

நான் கத்திய கத்தலில் மாப்பிள்ளை லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நிவேதா பாவம், செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அது டிங் என்றது. நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது குடும்பத்துக்கே தெரியும் என்பதால் யாரும் பின்னால் வரவில்லை.

அவர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லலாம். திறந்து கிடந்த அந்தப் பெட்டியில் புதுத் துணிகளின் கஞ்சி வாசனை அடித்தது பாருங்கள், அதுதான் முதலில் என்னைக் கிளறிவிட்டது. நான் இந்தோனேசிய மொழி படித்த வகுப்பறைக்கும் அதே வாசனைதான். பெரிய கடை வீதியில் ஒரு மொத்தத் துணிக்கடையின் மாடி. எங்கள் மேனேஜரின் மச்சான் கடை. பெஞ்சு, நாற்காலி கிடையாது. லுங்கி மூட்டைகள்மேல் உட்கார்ந்து படித்தோம். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை முழுசாக முகத்துக்கு நேரே நிற்கும். திறக்காவிட்டால் வியர்வையில் லுங்கி மூட்டை ஒட்டிக்கொள்ளும்.

பதினைந்து வருஷம் ஆகிறது. நான் அப்போது துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். பாய்லருக்கு வேண்டிய குழாய்கள் செய்கிற பட்டறை. மற்றவர்கள் போட்ட வெல்டிங்கைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது என் வேலை. ஆகவே பட்டறையில் பாதிப் பேர் என்னைக் கண்டாலே முறைப்பார்கள். முறைக்காதவன் சூசை ஒருவன்தான். பாலக்கரைக்காரன், மாதா கோவிலுக்குப் பின்தெரு. அவன் போட்ட ஜாயின்ட்டில் குறை கண்டுபிடிக்க எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் சிநேகமானோம் என்று சொல்லவேண்டும்.

கம்பெனிக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. இந்தோனேசியாவில், சுமத்ராவின் உள்காட்டில், ஒரு பாமாயில் ஆலைக்கு பாய்லர் கட்டி நிறுத்தித் தரும் வேலை. அதற்கு ஆள் பொறுக்கியதில் சூசை, நான், இன்னும் சிலர்; கூட மேனேஜரும். போவதற்கு முன்னால் நாலு வார்த்தை அந்த ஊர் பாஷை தெரியட்டும் என்று மேனேஜர் மனோகர் சார் ஏற்பாடு செய்ததுதான் அந்த லுங்கி மாடி வகுப்பு. ஷிஃப்ட் முடிந்து, கையில் கிரீஸ் போகாமல், துவாக்குடியில் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கி ஓடுவோம். படித்துவிட்டுக் கீழே இறங்கினால் தெருமுனையில் சூடாக பஜ்ஜி. இரண்டில் எதற்காக ஓடினோம் என்று கேட்காதீர்கள்.

பாடம் எடுத்தவர் கலைவாணி. எங்கள் வயதுதான் இருக்கும். சுமத்ராவில் மேடான் என்று ஒரு பெரிய நகரம், அங்கே தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பூ வியாபாரிக்கு வாக்கப்பட்டு வந்தவர். முதல் நாளே மேனேஜர் அவரிடம் என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வணக்கம், நன்றி, எண்கள், ஸ்பானர் சுத்தியல் பெயர்கள், அப்புறம் ‘யா பாக்’. அதாவது, ‘சரிங்க ஐயா’.

“ஏன் சார், வலிச்சா என்ன சொல்லுவாங்க இவங்க?” என்று கேட்டார் கலைவாணி.

“வலிக்கிற வேலை எதுவும் நாங்க குடுக்கறதில்லம்மா” என்றார் மேனேஜர். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மேனேஜரும் சிரித்தார். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்குப் பல் கூசுகிறது.

ஆனால் கலைவாணி விடவில்லை. மேனேஜர் தலை மறைந்ததும் உடம்பைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார். கண்ணுக்கு மாத்தா. வலிக்கு சாகிட். ஆஸ்பத்திரிக்கு ருமா சாகிட். கொஞ்சம் என்பதற்கு செடிக்கிட். “சும்மா தலையத் தலைய ஆட்டாதீங்க, அங்க அதுக்கு அர்த்தம் கெடையாது. வாயத் தொறந்து சொல்லுங்க!” என்று அதட்டுவார். சூசை கண்ணைப் பொத்திக்கொண்டு மூட்டைமேல் உருண்டு, “மாத்தா சாகிட்! மாத்தா சாகிட்!” என்று அலறுவான். அவன் அப்படிப் பொத்திக்கொண்டது எந்தக் கண்ணை என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

அந்தப் பாஷையில் எங்களுக்குப் பிடித்துப்போனது அதன் மரியாதை. சாப்பிட்டாச்சா என்பதுதான் அங்கேயும் குசலம் விசாரிப்பது. சுடா மாக்கான்? பசி காதை அடைத்தாலும், ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். சுருட்டுக்குக்கூட சுருட்டு மாதிரியே ஏதோ ஒரு பெயர் சொன்னார். சூசையின் அப்பா உறையூர்ச் சுருட்டுக்காரர். வீட்டுக்குப் போய் அவரிடம் அதைச் சொல்ல, அவர் அன்றைக்கு ஒன்று கூடுதலாகப் பிடித்தாராம். அப்புறம் ஒருநாள், மேனேஜரும் வந்து உட்கார்ந்திருந்தபோது, இந்த ‘திடாக் ஊசா’ வந்தது.

“அங்கயும் நம்மள மாதிரிதான். யாராச்சும் எதாச்சும் குடுத்தா டக்குனு கை நீட்டாதீங்க. மொதல்ல திடாக் ஊசா. அவங்க திருப்பிக் கேப்பாங்க. மறுபடியும் திடாக் ஊசா. மூணாவது தரம் கேட்டா வாங்கிக்கங்க” என்றார் கலைவாணி.

“அட, இது நம்ம பாலக்கரைதான்!” என்றான் சூசை.

பாலக்கரை மட்டுமா? நான் லால்குடிப் பக்கம். என் அம்மா எனக்குப் பேச்சு வந்ததும் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். யார் வீட்டுக்குப் போனாலும், எதை நீட்டினாலும், வேண்டாம். நாக்கில் எச்சில் ஊறட்டும், வாய் வேண்டாம் என்று சொல்லட்டும். அவர்கள் அட, சும்மா சாப்பிடுப்பா என்பார்கள். இன்னொரு வேண்டாம். அப்புறம் ஏதோ அவர்களுக்காக மனசு இரங்கியது மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மணப்பாறையில் ஒரு தூரத்து அத்தை வீட்டில் தட்டு நிறைய முறுக்கு. நான் ஒழுங்காக வேண்டாம் என்றேன். அந்த அத்தை மெட்ராஸில் இருந்து வந்தவள். சரி என்று தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் நான் அழுத அழுகையில் கண்டக்டர் என்னைக் கூப்பிட்டுப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அதற்கும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

கிளம்புவதற்கு முன்தினம் மனோகர் சார் எங்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வீடு. பெரிய மனது என்று அப்போது பேசிக்கொண்டோம். அவர் மனைவி தட்டுத் தட்டாகக் கேசரி கொண்டுவந்தார். நெய்யும் ஏலக்காயும் வாசற்படி வரை மணந்தன. சூசை வழக்கம்போல நெளிந்தான். “வேண்டாங்க சார். இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்.”

“அட உக்காருய்யா.”

“இல்லங்க சார், வயிறு ஃபுல்லா இருக்கு.”

மேனேஜர் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். “வைம்மா, நெறைய வை. திருச்சிக்காரன் வேண்டாம்னு சொன்னா பசிக்குதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாதா என்று சொன்னார். தயவுசெய்து இதை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

சுமத்ரா எங்களை நன்றாகவே வைத்துக்கொண்டது. எண்ணெய்ப் பனம்பழம் வேகும் புளித்த நாற்றமும், அந்த ஊர் சிகரெட்டில் இருந்து வரும் கிராம்பு வாசனையும், காலை விட்டால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் செம்மண்ணுமாக நாட்கள் ஓடின. இன்றைக்கும் பிரியாணிக் கடை வாசலில் கிராம்பு வாசனை வந்தால் நான் ஒரு நிமிஷம் அந்தக் காட்டுக்குப் போய்வருவேன். சூசை பாஷையில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். ஆலை கேன்டீனில் அவன் நுழைந்தாலே சமையல்காரம்மாக்கள், “சூசே, சுடா மாக்கான்?” என்பார்கள். இவன், சுடா, சுடா என்பான். அவர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வறுத்த மீனை எடுத்து வைப்பார்கள். பரவாயில்லை என்பதற்கு அங்கே ‘திடாக் ஆப்பா ஆப்பா’. எது கேட்டாலும் அதைச் சொல்லுவான். எங்கள் கூட்டத்தில் அவனுக்குப் பெயரே ஆப்பா ஆப்பா என்று ஆகிவிட்டது.

பாய்லரைக் கட்டி நிறுத்திவிட்டோம். அதற்குள் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் மறுநாள். ஆலை முதலாளி, அவர்கள் இன்ஸ்பெக்டர் எல்லாரும் வருகிறார்கள். சில ஜாயின்ட்டுகள் பாக்கி. அவற்றைச் சூசை கையால் போட்டால்தான் மேனேஜருக்குத் திருப்தி. மத்தியானம், போட்ட ஒன்றைச் சூசை கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி வாங்கித்தந்த கண்ணாடிக்கும் அவன் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் போகும் சந்து உண்டு. அந்தச் சந்தில் ஒரு இரும்புத் தூள் புகுந்தது.

நான்தான் கையைப் பிடித்து ஆலையின் முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இபு ரத்னா என்று ஒரு நர்சம்மா. இபு என்றால் அம்மா. சூசைக்கு அவர் ரத்னா அக்கா. கண்ணைக் கழுவி, டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழியில் குத்திக்கொண்டு நிற்கிறது, தன்னால் எடுக்க முடியாது என்று கையால் காட்டினார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆற்றைப் படகில் தாண்டி, அப்புறம் ஜீப்பில் போகும் வழி. அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டார். கதவோரம் நின்றார்.

“மாத்தா சாகிட்?” என்று ரத்னா கேட்டார். கண் வலிக்கிறதா?

தண்ணீர் கொட்டுகிற கண்ணோடு சூசை சிரித்தான். “செடிக்கிட்” என்றான். கொஞ்சம்.

ருமா சாகிட் போகலாமா என்று கேட்டார். சூசை ஒற்றைக் கண்ணால் மேனேஜரைப் பார்த்தான். எதிரே பெரியவர் நிற்கிறார், நாளைக்கு டெஸ்ட், இவனுக்காக ஒரு ஜீப், ஒரு படகு, கூட ஒரு ஆள். நம் வளர்ப்பு என்ன செய்யும்? வாய் தானாகத் திறந்தது. “திடாக் ஊசா, இபு.”

ரத்னா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “பெத்துல்?” நிஜமாகவா?

“திடாக் ஊசா” என்றான் மறுபடியும். இந்த இரண்டாவது வேண்டாம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சத்தம் பாதியாகக் குறைந்திருக்கும். பந்தியில் உட்காருவதற்குக் கால் மடங்க ஆரம்பித்திருக்கும். ரத்னாவுக்கும் அது தெரிந்தது. அவருடைய ஊரிலும் அதே வளர்ப்புதானே. விடாமல் மூன்றாவது தரம் கேட்டார். அந்த நீளமான வாக்கியத்தில் ருமா சாகிட் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. சூசையின் தலை மெல்ல அசைய ஆரம்பித்தது. வாய் திறக்கப் போகிறான்.

மேனேஜர் முந்திக்கொண்டார். “திடாக் ஊசா, இபு. திடாக் ஊசா.” முகமெல்லாம் சிரிப்பு. லுங்கி மாடி வகுப்புக்கு ஏதோ ஒரு நாள் வந்து உட்கார்ந்திருந்தார் இல்லையா, அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வார்த்தை.

“சார், அனுப்பிடலாம் சார். கண்ணு சார்” என்றேன் நான்.

“அவனே வேண்டாங்கறான், உனக்கென்னய்யா? ஹைட்ரோ முடியட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்.”

ரத்னா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டினார். சூசை, “திடாக் ஆப்பா ஆப்பா” என்று அவரைத் தேற்றினான்.

மிச்ச ஜாயின்ட்டுகளை அவன் ஒற்றைக் கண்ணால் போட்டான். நான்தான் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. டெஸ்ட்டில் ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆலைக்காரர்கள் கை தட்டினார்கள், மேனேஜருக்கு மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். அந்த விழா முடிந்து, விருந்து முடிந்து, மேனேஜருக்கு ஞாபகம் வந்து ஜீப் கிளம்பியபோது சூசையின் இடது கருவிழியில் வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மேடானுக்கு அனுப்பினார்கள். பிறகு ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒரு கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: அன்றைக்கே எடுத்திருந்தால் ஒரு சொட்டு மருந்தோடு போயிருக்கும்.

வார்த்தை தெரியாமல் போன கண் இல்லை அது. கண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும், வலிக்கு என்ன, ஆஸ்பத்திரிக்கு என்ன, எல்லாம் அவனுக்குத் தெரியும், எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அயலூர்ப் பெண் ஒருத்தி, முறை தெரிந்து, மூன்று தரம் கேட்டாள். மூன்றாவது தரத்துக்குப் பதில் சொன்னது நம்ம ஊர் ஆள். வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று தன் வீட்டில் கேசரித் தட்டோடு நின்று விளக்கம் சொன்ன ஆள். மாத்திரை போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஊருக்கு வந்ததும் துவாக்குடி ஆபீஸில் அவர் அறைக்குள் கேட்காமல் நுழைந்தேன்.

“உங்க வீட்டுல எங்களை எத்தனை தடவை சார் கேட்டீங்க?”

“என்னத்தய்யா?”

“கேசரி வேணுமான்னு.”

அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. நாற்காலியில் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார். “அது வீடு. இது சைட்டு. ரெண்டும் ஒண்ணாய்யா? வேண்டாம்னு சொல்றவனைத் தூக்கிட்டா போக முடியும்?”

அந்த நிமிஷமே வேலையை உதறிவிட்டு வெளியே வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். கதவை மட்டும் ஓங்கிச் சாத்தினேன். அதுவும் ஸ்பிரிங் வைத்த கதவு. மெதுவாகத்தான் மூடியது. வேறு இடத்தில் வேலை உறுதியான பிறகுதான் விட்டேன்.

ஸ்ரீரங்கத்துக்குப் போய்க் கலைவாணியிடமும் சொன்னேன். கடையில் கணவரோடு உட்கார்ந்து ஈரச் சாக்கில் மரிக்கொழுந்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மூணு தரம் கேப்பாங்கன்னு சொன்னேனே. கேக்கலையா?”

“கேட்டாங்கம்மா.”

“அப்புறம்?”

“நம்மாளு பதில் சொல்லிட்டாரு.”

கையில் இருந்த மரிக்கொழுந்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த வார்த்தையவே நான் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது” என்றார். அவர் எதற்கு அழ வேண்டும்? அழ வேண்டியவர் அன்றைக்கு மேலூர் ரோட்டில் மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்திருப்பார். எனக்கு அன்று வந்த கோபம் அழாதவர்கள்மீது வந்த கோபம்.

இப்போது அந்த லுங்கி மாடி இல்லை. கண்ணாடி மாட்டி, ஏ.சி. போட்டு, பட்டுப் புடவை விற்கிறார்கள். ஜன்னலையே அடைத்துவிட்டார்கள், உள்ளே இருந்து மலைக்கோட்டை தெரியாது. துவாக்குடிப் பட்டறை மூடி, அந்த இடத்தில் மாணவர்கள் தங்கும் விடுதி. நாங்கள் குழாய் அடுக்கிய இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. கலைவாணி குடும்பத்தோடு மேடானுக்கே போய்விட்டதாகக் கேள்வி. மனோகர் சார் மட்டும் சௌக்கியம். பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு, ‘அன்பே உலகம்’ என்கிறார். பதினைந்து பேர் கும்பிடு போடுகிறார்கள். நான் குழுவை விட்டும் போகவில்லை, கும்பிடும் போடவில்லை. அந்த ரோஜாப்பூவைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதோடுதான் என் காலை விடிகிறது.

சூசை பாலக்கரையில் வெல்டிங் மெஷின் வாடகைக்கு விடுகிறான். கிரைண்டர் கண்ணாடியும் விற்கிறான். முகத்தில் மாட்டிப் பார்த்து, சந்து இல்லாமல் பொருந்தினால்தான் கொடுப்பான். பொருந்தாவிட்டால் கேட்டவனைத் திட்டி அனுப்பிவிடுவான். அவன் நாக்கிலிருந்து வேண்டாம் என்ற வார்த்தையே உதிர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி காபி என்று வாயெடுப்பதற்குள், “குடும்மா, சக்கரை தூக்கலா. பிஸ்கட் இருந்தா அதையும் எடுத்துட்டு வா” என்பான். கல்யாண வீடுகளில் அவனுடைய சொந்தக்காரர்களே, வெட்கம் கெட்டவன், அலையறான் என்று காதுபடப் பேசுகிறார்கள். பேசட்டும். பேசுகிறவர்கள் எல்லாருக்கும் இரண்டு கண் இருக்கிறது.

பால்கனியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. கோபம் அடங்கி உள்ளே போனேன். நிவேதாவிடம், “கோச்சுக்காதம்மா” என்றேன். “சாகிட்னா வலி. தோலோங்னா உதவி. ருமா சாகிட்னா ஆஸ்பத்திரி. இதை மொதல்ல கத்துக்க. பீச்செல்லாம் அப்புறம்.”

“இதெல்லாம் இந்த ஆப்புல இருபதாவது லெசனுக்கு மேல வருது சித்தப்பா” என்றாள். பாவம், என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். ஆனாலும் செல்போனை வாங்கி ஜன்னல் வழியாகக் காவிரியில் எறிந்தால் என்ன என்று தோன்றியது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “காபி போடட்டுமா சித்தப்பா?”

மத்தியானத்திலிருந்து கத்தி, நின்று, நினைத்து, தொண்டை வறண்டு கிடந்தது. ஒரு வாய் காபிக்கு உயிரையே கொடுத்திருப்பேன். “வேண்டாம்மா” என்றேன்.

“சரி சித்தப்பா” என்றாள். செருப்பை மெதுவாக, வாரை இரண்டு தடவை மாட்டிக் கழற்றி மாட்டினேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே டிங் என்று மணி கேட்டது. லிஃப்டில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என் வயதுக்காரர்கள் கூடினால் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கத் தெரியவில்லை, உபசரிப்பே போய்விட்டது என்று. போகட்டும் என்கிறேன். இரண்டாவது தடவை கேட்பதும் மூன்றாவது தடவை கேட்பதும் தொலைந்து போகட்டும். ஆனால் போனதுதான் போனது, பதினைந்து வருஷம் முன்னாலேயே போயிருக்கக் கூடாதா? சுமத்ராவுக்குப் போகும் முன்பே நம் எல்லாருக்கும் வாய் திறந்து கேட்கப் பழகியிருக்கும். அந்த உபசாரத்தை வீட்டில் வைத்துக் கொண்டாடிவிட்டு வெளியே அதன் பின்னால் ஒளிந்துகொள்ள ஒருத்தருக்கு இடம் இருந்திருக்காது.

மனைவியை வீட்டில் இறக்கிவிட்டு நேராகப் பாலக்கரைக்குப் போனேன். சூசை கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நான் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய இடது கண் பக்கம் நின்றிருக்கிறேன்.

“சூசை, எனக்கு ஒரு காபி வேணும்” என்றேன்.

அவன் முகத்தை முழுசாகத் திருப்பித்தான் என்னைப் பார்த்தான்.